கரிசலில் நடந்த உபதேசியார்கள்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் காலை ஏழு மணிக்கெல்லாம் வேன்கள் வரிசை கட்டிவிடுகின்றன. எல்லாவற்றிலும் பெண்கள். மடியில் தூக்குச்சட்டி, தலையில் ஒரு முழம் பூ. பயராபீஸ் என்னும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிறவர்கள். ஆமத்தூரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல் விரிகிறது. மழை கண்ட நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்க, விதைக்காமல் விட்ட இடத்தையெல்லாம் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெட்டவெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் ஒற்றை அறைகள் பட்டாசு ஆலைகளுடையவை. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டம் கேட்கும் இடைவெளி அது.

நான் இந்தப் பக்கம் வந்தது வேறு தேடலில். இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வெகுகாலம் முன்பே, 1854இல், இதே கரிசலில் கூடாரம் அடித்து ஊர் ஊராக நடந்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் சிலர், தமிழர்கள் பலர். வெள்ளைக்காரர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தத் தமிழர்களின் தடம் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவே வந்தேன். என் குடும்பம் நாசரேத் பக்கம். எங்கள் பக்கத்துச் சபைகள்தான் அந்தத் தமிழர்களை வடக்கே அனுப்பின என்று சின்ன வயதில் கேட்டதுண்டு. எப்படி அனுப்பின, யார் போனார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

அன்றைக்குச் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாமே திருநெல்வேலி ஜில்லா. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதனோடு போயின. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமானது. மிஷன் ஏடுகள் இந்தப் பகுதியை வட திருநெல்வேலி என்றே எழுதுகின்றன. திருச்சபைக் கணக்கில் பழைய எல்லை இன்னும் அழியவில்லை. சிவகாசியை ஒட்டியிருக்கும் சாட்சியாபுரம் இன்றும் சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலத்தோடுதான் இருக்கிறது.

தாமஸ் கஜெட்டன் ராக்லாண்டு என்ற பெயரை இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மறக்கவில்லை. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அங்கேயே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ. அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு படிப்பாளிக்கு என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு சர்ச் மிஷனரி சொசைட்டி என்னும் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராகச் சென்னைக்கு வந்தார். கணக்கும் கடிதமும் பார்க்கும் மேசை வேலை. அந்த வேலையாகத் திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தெற்கே பனங்காட்டுச் செம்மண்ணில் ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தன. வடக்கே, கரிசலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். அங்கே போய்ச் சொன்னவர் யாரும் இல்லை என்றே சொல்லலாம். தெற்கில் இருந்த மிஷனரிகளுக்கோ இருக்கிற சபைகளையும் பள்ளிகளையும் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

ராக்லாண்டு செய்த முடிவு எளிமையானது. பங்களா வேண்டாம், நிலையான ஊர் வேண்டாம். கூடாரம் போதும். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அவரோடு சேர்ந்தார்கள். ஓரிடத்தில் கூடாரம் அடிப்பது, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் விடியற்காலையிலும் மாலையிலும் நடந்து போய்வருவது, முடிந்ததும் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த இடம். இதுதான் திட்டம். கரிசல் வெயிலில் துணிக்கூடாரத்துக்குள் பகலைக் கழிப்பது எப்படியிருக்கும் என்று சித்திரை மாதத்தில் இங்கே ஒரு மணி நேரம் வெளியில் நின்றால் தெரியும். ராக்லாண்டுக்கு ஏற்கனவே உடம்பு சரியில்லை. நான்கே ஆண்டுகள். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்துபோனார். வயது 43. அவர் கண்ணை மூடும்போது கணக்குக் காட்டும்படியான சபை எதுவும் இங்கே எழும்பியிருக்கவில்லை. டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1922இல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த வரலாற்றின் மற்றப் பாதிக்காகவே நான் வந்தேன். மூன்று ஆங்கிலேயர் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் ஆயிரம் ஊர்களை நடந்து முடிக்க முடியாது. அவர்களுடைய தமிழும் புத்தகத் தமிழாகத்தான் இருந்திருக்கும். ஆகவே தெற்கேயுள்ள சபைகளைக் கேட்டார்கள். சபைகள் ஒப்புக்கொண்ட விதம் இன்று நினைத்தாலும் மனதை நிமிர்த்துகிறது. மாதாமாதம் முறை வைத்து ஒவ்வொரு பகுதியிலிருந்தும் உபதேசியார்கள், அதாவது சுவிசேஷம் சொல்லும் சபை ஊழியர்கள், வடக்கே வருவார்கள். ஒரு மாதம் இங்கே நடப்பார்கள். பிறகு ஊர் திரும்ப, அடுத்த குழு வரும். வந்தவர்களின் செலவை இங்கிலாந்துச் சங்கம் தரவில்லை. அனுப்பிய தமிழ்ச் சபைகளே காணிக்கை சேர்த்துக் கொடுத்தன. இது நடந்தது 1850களில். பனையேறிப் பிழைத்த, கருப்பட்டி விற்றுப் பிழைத்த மக்கள் அப்போதே தங்கள் ஆளைத் தங்கள் காசில் வேறு சீமைக்கு அனுப்பினார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிஷனரி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உண்டான 1903இல் தொடங்குவார்கள். என் கணக்கில் அது இந்தக் கரிசலில் அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் சாட்சியாபுரம் வருகிறது. ரயில்வே கேட்டில் வண்டிகள் நெடுங்காலம் காத்துக் கிடந்த இடம் என்றுதான் பலருக்கு இந்த ஊரைத் தெரியும். மிஷன் காலத்து மரங்கள் இன்னும் நிற்கின்றன. நகரத்தின் இரைச்சலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நிழல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எண்பதைத் தாண்டியவர், வேட்டியும் கை வைத்த பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஸ்தோத்திரம் ஐயா" என்றதும் எழுந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"எங்க தாத்தாவுக்கு அப்பா தெக்கேயிருந்து வந்தவரு தம்பி. ஒரு மாசம் போயிட்டு வான்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்களாம். போனாரு, திரும்ப வந்தாரு. கடைசியில குடும்பத்தையே கூட்டிட்டு இங்கேயே வந்துட்டாரு. ஏன் வந்தீங்கன்னு எங்க தாத்தா கேட்டதுக்கு, ஒரு மாசத்துல சொல்லி முடியலடான்னாராம்."

அவர் தன் தாத்தாவிடம் கேட்டதை ஒன்றொன்றாகச் சொன்னார். கோழி கூப்பிடக் கிளம்ப வேண்டும். கையில் ஒரு பை. அதில் கைப்பிரதிகளும் ஒரு லூக்கா சுவிசேஷமும். ஊர் எல்லையில் நின்று எந்தத் தெரு வழியாகப் போகலாம், எந்தத் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். தெற்கேயிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் நாடார் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பல ஊர்களில் அவர்களுக்குக் கோயில் தெருவில் நடக்க உரிமை இல்லாத காலம். சில இடங்களில் தண்ணீர் கேட்டால் உள்ளங்கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார்களாம். மந்தையிலோ சாவடிக்கு வெளியிலோ உபதேசியார் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். சிலர் கேட்பார்கள். சிலர் மாட்டை விரட்டுகிற சாக்கில் புழுதியைக் கிளப்பிவிடுவார்கள். சில ஊர்களில் கல்லும் விழுந்திருக்கிறது.

"கோபம் வராதான்னு எங்க தாத்தா கேட்டாராம். வரும்டா, வந்தா அடுத்த ஊருக்கு நடக்கறதுக்குள்ள போயிரும்னாராம்."

தெற்கேயிருந்து வந்த அந்த முன்னோரின் பெயர் எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"சபைப் புத்தகத்துல இல்ல தம்பி. எங்க வீட்டு வேதாகமத்துல முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கு."

உள்ளே போய் எடுத்துவந்தார். அட்டை போய், நூல் தெரியும் ஒரு பழைய வேதாகமம். முதல் பக்கத்தில் மங்கிய மையில் ஐந்து தலைமுறைகளின் பெயர்கள், பிறந்த நாள், ஞானஸ்நானம், இறந்த நாள். முதல் பெயருக்கு எதிரே பிறந்த தேதி இல்லை, அவருக்கே தெரிந்திருக்காது. வலது மூலையைப் பூச்சி அரித்திருந்தது. இன்னும் அரை அங்குலம் உள்ளே வந்தால் அந்த முதல் பெயரும் போய்விடும்.

அன்று மாலை வேறொரு கிராமத்துச் சேகரத்தில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்க்க முடிந்தது. சேகர குரு இளைஞர், ஆர்வமுள்ளவர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில் என்று கட்டங்கள். பழைய ஏட்டில் தொழில் கட்டத்தில் கூலி, விவசாயம், நெசவு, ஒன்றிரண்டு இடங்களில் உபதேசியார் அல்லது ஆசிரியர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் தீப்பெட்டி நுழைகிறது, பிறகு பட்டாசு, அதன்பின் அச்சகம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையைச் சிவகாசியில் குழந்தையும் சொல்லும். அந்தக் கதை கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்ததை இந்தக் கட்டங்களில் கண்ணால் பார்க்கலாம். மானாவாரி நிலம் மழையை நம்பி ஏமாந்தபோது மக்களுக்குக் கஞ்சி ஊற்றியது தீக்குச்சிதான். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவில் இறந்தார்கள். இந்தப் பகுதியில் அடக்கப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மிஷன் இந்த மண்ணில் என்ன செய்தது என்று என்னிடம் கேட்டால், நான் முதலில் கூட்டிப்போவது சாட்சியாபுரத்தில் சி.எஸ்.ஐ. நடத்தும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளிக்குத்தான். போன அன்று ஒரு வகுப்பில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தான். மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, அதில் ரூபாய்க் காசு அளவுக்குப் பெரிய பொத்தான்கள். முதல் பொத்தான் நுழைந்தது. இரண்டாவது நுழையவில்லை. ஆசிரியை அவன் கையைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் இழுத்தான், விட்டான், திரும்ப இழுத்தான். எவ்வளவு நேரமானாலும் அவர் உதவப் போவதில்லை என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பொத்தான் நுழைந்ததும் அவன் ஆசிரியையைப் பார்க்கவில்லை. நேராக மூன்றாவது பொத்தானுக்குப் போனான். "வீட்ல அம்மா பயராபீஸுக்குப் போகணும் சார். இவன் தானா சட்டை போட்டுக்கிட்டா அவங்களுக்கு காலையில கால் மணி நேரம் மிச்சம்" என்றார் ஆசிரியை. அங்கே படிக்கும் பிள்ளைகளில் எல்லா மதத்தாரும் உண்டு. கரிசல்காட்டுக் கூலிக்காரக் குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை பிறந்தால் ஒரு காலத்தில் திண்ணைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். வேறு வழி இல்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்தது பெரிய காரியம்.

அடுத்த நாள் விருதுநகர். இந்த ஊர் 1923வரை விருதுபட்டி. காமராசர் பிறந்த ஊர். அவர் படித்த சத்திரிய வித்யாசாலை இங்கேதான் இருக்கிறது. பஜாரில் மல்லியும் வத்தலும் எண்ணெயும் மணக்கின்றன. அண்ணாச்சி ஒருவர் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது வித்யாசாலையைப் பற்றிக் கேட்டேன். "பிடியரிசி போட்டு வளர்த்த பள்ளிக்கூடம் சார் அது" என்றார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தினம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்துப் பள்ளிக்குக் கொடுத்ததை இந்த ஊர் பெருமையாகச் சொல்லும். வியாபாரத்தில் மகமை என்று ஒதுக்கும் பங்கு, வீட்டில் பிடியரிசி.

தெற்கே எங்கள் பக்கத்திலும் அதே பிடியரிசிதான். உலை வைக்கும் முன் அம்மாவும் ஆச்சியும் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கையில்தான் கோயில்கள் எழும்பின. உபதேசியார்களுக்குச் சம்பளம் போயிற்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிப் பல்லாயிரம் பேர் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தபோது, சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு எழுந்தது, இன்றும் எழுகிறது. பசியில் வந்தவர்கள் இருந்திருப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டவனும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்கு இருபது வருஷம் முன்பே தங்கள் உலையிலிருந்து எடுத்துக் கொடுத்த மக்களை அரிசிக்கு விலைபோனவர்கள் என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

ஒரே நாடார் சமுதாயத்தில் ஒரு பகுதி தெற்கே கிறிஸ்தவத்தில் சேர்ந்தது. வடக்கே சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வணிகர்கள் பெரும்பாலும் சேரவில்லை. ஏன்? தெற்கில் பனையேறிகளுக்கு மிஷன் பள்ளியைத் தவிர வேறு கதவு திறந்திருக்கவில்லை. வடக்கில் வண்டி கட்டி வியாபாரம் செய்தவர்கள் உறவின்முறை என்ற சமுதாய அமைப்பு வைத்து, மகமை வைத்து, தாங்களே கதவைச் செய்துகொண்டார்கள். 1899 ஜூன் 6ஆம் தேதி சிவகாசி சூறையாடப்பட்டபோதும் அவர்கள் திரும்ப எழும்பியது அந்த அமைப்பின் பலத்தில்தான். ராக்லாண்டின் ஆட்கள் இங்கே கண்ட அறுவடை குறைவு என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அதை மிஷனின் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். கையில் ஒரு பிடியை ஒதுக்கத் தெரிந்த மக்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

இந்தக் கரிசலில் நடந்ததை, ராக்லாண்டை அனுப்பிய சங்கத்தின் மற்றொரு களத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். சி.எம்.எஸ். சங்கத்தின் முதல் களம் இந்தியா அல்ல. 1804இல் அது தன் முதல் ஆட்களை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, சியரா லியோனுக்கு அனுப்பியது. பத்து வருஷம் கழித்துத்தான், 1814இல், அதன் மிஷனரி ரேனியஸ் சென்னையில் வந்து இறங்கினார். சியரா லியோனில் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. விடால், வீக்ஸ், போவன் என்று அங்கே முதலில் வந்த மூன்று ஆயர்களும் 1854க்கும் 1859க்கும் இடையில் அடுத்தடுத்து இறந்தார்கள். சிவகாசியில் ராக்லாண்டு இறந்ததும் அதே ஆண்டுகளில். லண்டனில் சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், அந்நிய மிஷனரி என்பவன் ஒருநாள் விலகிப் போக வேண்டியவன், உள்ளூர்ச் சபை தன் காசில் நின்று, தன் ஆட்சியைத் தானே பார்த்து, தன் ஆட்களைத் தானே அனுப்ப வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர். வடக்கே உபதேசியார்களை அனுப்பிய தென் திருநெல்வேலிச் சபைகள் அதைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தன.

ஆப்பிரிக்காவில் அதைச் செய்துகாட்டியவர் சாமுவேல் அஜாயி குரோத்தர். யொரூபா நாட்டுச் சிறுவன். 1821இல் அடிமை பிடிக்கிறவர்களிடம் சிக்கினான். அடுத்த ஆண்டு அவனை ஏற்றிச் சென்ற கப்பலை ஆங்கிலேயக் கடற்படை மறித்து மீட்க, ஃப்ரீடவுனில் இறங்கினான். அங்கே படித்து 1843இல் குருவானார். 1864இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர். நைஜர் ஆற்றங்கரையில் ஆப்பிரிக்க ஊழியர்களை மட்டுமே வைத்து மிஷன் நடத்தினார். 1884இல் யொரூபா வேதாகமம் முழுதாக வந்ததில் அவர் பங்கு பெரிது. வென் காலம் முடிந்ததும் காற்று மாறியது. இளம் ஆங்கிலேயர் சிலர் 1890இல் நைஜருக்கு வந்து கிழவரின் ஊழியர்களை ஒவ்வொருவராக நீக்கினார்கள். மனமுடைந்த குரோத்தர் 1891 டிசம்பர் 31 அன்று இறந்தார். அவருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் முழு அதிகாரமுள்ள ஆயர் பதவி எந்த ஆப்பிரிக்கருக்கும் கொடுக்கப்படவில்லை. இதைச் சங்கத்தின் வரலாற்றில் பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

அந்நியர் கையில் அதிகாரம் இருப்பதற்குத் திருநெல்வேலிக்காரர்கள் வேறொரு வழியில் பதில் சொன்னார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். நிஜாம் சீமையில் தோர்னக்கல் அவர்கள் களம். தெலுங்கு படித்துக்கொண்டு அசரியாவே அங்கே போனார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்துவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே பேசினார். 1912 டிசம்பர் 29 அன்று முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரானார். 1945 ஜனவரி முதல் தேதி அவர் இறந்தபோது தோர்னக்கல் திருமண்டலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள். அங்கேயும் பெண்கள் பிடியரிசிதான் போட்டார்கள்.

அந்தச் சங்கிலி அறுந்துவிடவில்லை என்பதைத் திருத்தங்கல் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். பட்டாசுக்கட்டு சுற்றும் அம்மா. ஐம்பது வயது இருக்கும். வேலை முடிந்து வந்து கை கழுவியிருந்தார். விரல் இடுக்கில் வெள்ளி நிறத்து மருந்துப் பொடி போகவில்லை. அடுப்படி அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அதில் கொஞ்சம் போடுகிறார். 1959இல் இதே தென்தமிழ்நாட்டில் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவுக்கு அது மாதாமாதம் போகிறது.

"எங்க மிஷனரி ஜார்கண்டுல இருக்காரு அண்ணே. ராஜ்மகால் மலை. மால்டோ ஜனங்க. மலேரியா ரொம்ப வருமாம்."

"நீங்க பார்த்திருக்கீங்களாம்மா அந்த ஊரை?"

"நான் மதுரையைத் தாண்டினதில்ல. போட்டோ அனுப்புவாங்க. அந்தப் பிள்ளைங்க பேரு சொல்லித்தான் ஜெபம் பண்றது."

சுவரில் ஒரு காலண்டர். அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் ஐந்தாறு பெயர்கள். தமிழில் எழுதிய மால்டோப் பெயர்கள். ராஜ்மகால் மலைவாழ் மக்களைக் காலா அசாரும் மலேரியாவும் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அங்கே போய் இருந்து, அவர்கள் பேச்சைக் கற்று, மருந்தும் எழுத்தும் கொண்டுபோனவர்களில் திருநெல்வேலி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் உண்டு.

சுவிசேஷம் சொல்வதைப் பற்றி நம் நாட்டில் இன்று அமைதியாகப் பேச முடிவதில்லை. பணம் கொடுத்து மாற்றுகிறார்கள் என்பது ஒரு பக்கம். மதம் மாறினால் சாதி போய்விடும் என்ற பொய் வாக்கு இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி இந்தப் பயணத்தில் அதிகம் கேட்டேன். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்கு இல்லை. ஊரில் அவர் தெரு மாறுவதில்லை, கிணறு மாறுவதில்லை, சான்றிதழ் மட்டும் மாறுகிறது. சில சபைகளில் கல்லறைத் தோட்டம்கூட இன்னும் பிரிந்து கிடக்கிறது. தண்ணீரைக் கையில் ஊற்றி வாங்கிக் குடித்த அந்தத் தெற்கத்தி உபதேசியார்களுக்கு இதைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கும். அரசு ஆணையை மாற்றச் சொல்லி ஊர்வலம் போகும் சபைகள் முதலில் தங்கள் கல்லறைச் சுவரை இடிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் சாத்தூரில் சேவு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது மனதில் நின்றது அந்த வேதாகமத்தின் முதல் பக்கம்தான். ராக்லாண்டின் வாழ்க்கையை 1861இலேயே இங்கிலாந்தில் புத்தகமாக்கிவிட்டார்கள். மாதாமாதம் வந்து நடந்த எங்கள் மக்களின் பட்டியல் எங்கும் அச்சாகி நான் கண்டதில்லை. அது வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. பழைய வேதாகமங்களின் முன்பக்கத்தில், சபைக் கணக்குப் புத்தகங்களில், காணிக்கை ஏடுகளில், கல்லறைக் கற்களில், எண்பது வயதுக்காரர்களின் நினைவில்.

இதைப் படிப்பவர்களில் தெற்கேயோ இந்தக் கரிசலிலோ உபதேசியார் குடும்பத்தில் வந்தவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பெயர், ஊர், போன ஊர், தெரிந்த அளவு ஆண்டு, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி உங்கள் சேகர குருவிடம் ஒரு பிரதி கொடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். சேகர குருக்கள் தங்கள் பீரோவில் இருக்கும் பதிவேடுகளைச் செல் அரிப்பதற்குள் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். சபையார் கூடி உண்ணும் அடுத்த அசனப் பண்டிகைக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.